ஊர் அறிந்த பெயரும் ஏட்டில் உள்ள பெயரும்

அனுபவமிக்க பெண் தொழில்முனைவோருக்கு ஒரு சந்தைப்படுத்தல் பாடம்

"இருபது ஆண்டுகளாகக் கடை நடத்துகிறேன். ஊரே என்னை அறியும். எனக்கு எதற்கு விளம்பரம்?" என்று கேட்கும் பெண் தொழில்முனைவோர் பலர். அக்கேள்வியில் நியாயம் உண்டு. புதிதாகத் தொழில் தொடங்குபவர் தம்மை அறிமுகம் செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. இவர்களோ அறிமுகத்தை உழைப்பால் ஏற்கெனவே ஈட்டிவிட்டனர். ஆயினும், ஈட்டிய பெயர் எங்கே பதிவாகியிருக்கிறது, எவருக்குப் பயன்படுகிறது, நாளை எவரைச் சென்று சேரும் என்பவற்றிற்கு விடை காணாதவரை அப்பெயர் முழுமையான சொத்தாக ஆவதில்லை. அவ்விடையைத் தேடுவதற்கு அந்தமான் தீவுகளிலிருந்து ஓர் எடுத்துக்காட்டுடன் தொடங்குவோம்.

'நாரியல் அம்மா' என்னும் பெயர்

2024-ஆம் ஆண்டுக்கான பத்ம விருதுகள் அவ்வாண்டு ஜனவரி 25 அன்று அறிவிக்கப்பட்டன. பத்மஸ்ரீ பெற்ற 110 பேருள் ஒருவர் தெற்கு அந்தமானில் உள்ள ரங்கசாங் என்னும் ஊரைச் சேர்ந்த கே. செல்லம்மாள். ஆறாம் வகுப்புவரை பயின்றவர். சுமார் பத்து ஏக்கர் தோட்டத்தில் தென்னையை முதன்மைப் பயிராகவும், கிராம்பு, இஞ்சி, அன்னாசி, வாழை ஆகியவற்றை ஊடுபயிர்களாகவும் இயற்கை முறையில் வளர்த்தவர். ஆண்டொன்றுக்கு 27,000-க்கும் மேற்பட்ட தேங்காய்கள் அத்தோட்டத்திலிருந்து கிடைத்தன என்றும், 150-க்கும் மேற்பட்ட விவசாயிகள் அவரைக் கண்டு இயற்கை வேளாண்மைக்கு மாறினர் என்றும் விருது அறிவிப்பையொட்டி வெளியான குறிப்புகள் கூறின. மக்கள் அவரை அழைக்கும் பெயர் 'நாரியல் அம்மா'.

இப்பெயரைச் சந்தைப்படுத்தல் நோக்கில் சற்று ஆராய்வோம். 'நாரியல்' என்பது தேங்காயைக் குறிக்கும் இந்திச் சொல். 'அம்மா' தென்னக மொழிகளின் சொல். 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இத்தீவுகளில் வங்காளம் பேசுவோர் சுமார் 28 விழுக்காட்டினர், இந்தி பேசுவோர் 19, தமிழ் பேசுவோர் 15, தெலுங்கு பேசுவோர் 13. வெவ்வேறு தாய்மொழியினர் அன்றாடம் கலந்து பழகும் இவ்விடத்தில், வாங்குவோர் எவருக்கும் விளங்கும் பெயராக அது அமைந்திருக்கிறது. எந்தப் பொருள், எத்தகைய மனிதர் என்னும் இரு செய்திகளையும் இரண்டே சொற்களில் அது சொல்லிவிடுகிறது. பெரிய நிறுவனங்கள் பெருந்தொகை செலவிட்டுத் தேடும் தெளிவு இதுவே.

இதில் மற்றொரு செய்தியும் அடங்கியுள்ளது. அத்தோட்டத்தில் பல பயிர்கள் விளைந்தபோதிலும் பெயர் ஒரு பயிரைச் சார்ந்தே நிலைத்தது. பத்துப் பொருள்கள் விற்பவரையும் ஊர் ஒரு பொருளாலேயே நினைவில் கொள்ளும். அது எப்பொருள் என்பதை அறிந்து, அதனை முன்னிறுத்திப் பேசுவதே அனுபவமிக்கவர் செய்யவேண்டிய முதற்பணி. "எங்களிடம் எல்லாம் கிடைக்கும்" என்ற பெயர்ப்பலகை எவர் மனத்திலும் தங்குவதில்லை.

வணிகவியல் கூறும் 'நற்பெயர்'

கணக்கியல் நூல்களில் 'நற்பெயர்' என்று ஒரு பாடம் உண்டு. கண்ணால் காண இயலாத, ஆனால் விலைமதிப்புடைய சொத்து அது. பழைய வாடிக்கையாளர் பழைய இடத்தையே மீண்டும் நாடிவரும் வாய்ப்பே நற்பெயர் என்று 1810-ஆம் ஆண்டு இங்கிலாந்து வழக்கொன்றில் எல்டன் பிரபு விளக்கினார். 1934-ஆம் ஆண்டு அந்நாட்டின் மற்றொரு வழக்கில் நீதிபதி ஸ்க்ரட்டன் வாடிக்கையாளர்களை விலங்குகளின் இயல்போடு ஒப்பிட்டார். பூனை வீட்டின்மீது பற்றுடையது. வீட்டுக்காரர் மாறினாலும் அங்கேயே தங்கும். நாய் தலைவரின்மீது பற்றுடையது. அவர் செல்லுமிடம் தொடரும். எலிக்கு இரண்டின்மீதும் பற்றில்லை. அவ்வழக்கிலேயே நீதிபதி மௌம் முயலையும் சேர்த்தார். அது அருகில் வசிப்பதாலேயே வருவது.

உவமைகள் சற்றுக் கரடுமுரடானவை. அவை உணர்த்தும் பாகுபாடோ இன்றும் பயனுடையது. கடைவீதியின் முகப்பில் இடம்பெற்ற கடைக்கு இடத்தை நாடி வருவோர் மிகுதி. தீவுக்கு ஒருமுறை வந்து திரும்பும் சுற்றுலாப் பயணி எவரிடமும் நிலைத்த பற்றுக் கொள்வதில்லை. அடுத்த வீட்டார் அருகாமையால் வருகின்றனர். தையற்கலை, சிற்றுண்டி, அழகுநிலையம், மசாலாத் தயாரிப்பு போன்ற, பெண்கள் மிகுதியாக நடத்தும் தொழில்களிலோ பெரும்பாலான வாடிக்கையாளர்கள் உரிமையாளரையே தொடர்ந்து வருகின்றனர். அவர் கைப்பக்குவமும், முகமறிந்து பேசும் பண்பும், அளவில் குறைவைக்காத நேர்மையுமே அவர்களை ஈர்க்கின்றன.

இது பெருமைக்குரியது, இடருக்குரியதும்கூட. உரிமையாளர் மூன்று மாதம் நோயுற்றால் வாடிக்கை கலையும். அவர் ஓய்வு பெற்றால் தொழிலே முடிவடையும். தலையில் மட்டும் சேர்த்து வைத்த நற்பெயரை அடமானம் வைக்கவோ, மகளுக்கு மாற்றவோ, விலைக்கு விற்கவோ இயலாது. மனிதரைத் தொடரும் வாடிக்கையாளரை அவருடைய பெயரையும் தரத்தையும் தொடர்பவராக மாற்றுவதே இப்பாடத்தின் நோக்கம்.

பணம் செலுத்துவோர் திரையில் யார் பெயர்?

ஓர் எளிய சோதனையைச் செய்து பாருங்கள். உங்கள் கடையில் ஒட்டப்பட்டுள்ள க்யூஆர் குறியீட்டை வாடிக்கையாளர் ஒருவர் ஸ்கேன் செய்யும்போது அவருடைய கைபேசித் திரையில் எவர் பெயர் தோன்றுகிறது?

ஸ்ரீ விஜயபுரத்தில், அதாவது 2024 செப்டம்பர் வரை போர்ட் பிளேர் எனப் பெயர் பெற்றிருந்த நகரில், அபர்தீன் பஜார் பகுதியில் பெண் ஒருவர் பதினெட்டு ஆண்டுகளாகத் தையலகம் நடத்துகிறார் என வைத்துக்கொள்வோம். துணி வெட்டுவது, விலை பேசுவது, நான்கு பெண்களுக்கு வேலை பயிற்றுவித்துக் கூலி தருவது யாவும் அவரே. ஆனால் கடை வாடகை ஒப்பந்தம் கணவர் பெயரில். தொழில் உரிமம் கணவர் பெயரில். க்யூஆர் குறியீடு மகனின் சேமிப்புக் கணக்கில். ஊர் அவரைத் தையல்காரம்மா என்று அறியும். ஏடு அவரை இல்லத்தரசி என்றே அறியும்.

அவர் மின்தையல் இயந்திரங்கள் வாங்கக் கடன் கேட்டு வங்கிக்கு வரும்போது, பதினெட்டு ஆண்டு உழைப்புக்கு அவர் பெயரில் ஒரு வரிச் சான்றும் இருப்பதில்லை. கடன் பரிசீலனையில் அதிகாரி காண்பது கணக்கின் வரவுசெலவையும் பதிவுச் சான்றிதழ்களையுமே. தனியுரிமைத் தொழிலில் மற்றுமோர் இடரும் உண்டு. ஏட்டின்படி உரிமையாளராக உள்ளவர் காலமானால் அவர் பெயரிலான உரிமமும் ஒப்பந்தமும் கணக்கும் கேள்விக்குரியனவாகின்றன. உண்மையில் தொழிலை நடத்திய பெண்ணே அப்போது வாரிசுச் சான்றிதழுடன் அலுவலகங்களை நாடி நிற்க நேர்கிறது.

ஆகவே, சந்தைப்படுத்தலின் முதற்படி உண்மையான உரிமையாளரின் பெயரை ஏட்டில் ஏற்றுவது. குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான உத்யம் பதிவைக் கட்டணமின்றி இணையத்தில் செய்யலாம். தனியுரிமை நிறுவனத்தின் பெயரில் நடப்புக் கணக்கு தொடங்கத் தொழிலுக்கான இரு ஆவணங்கள் தேவை. உத்யம் சான்றிதழ் அவற்றுள் ஒன்றாக ஏற்கப்படும். அக்கணக்கோடு இணைந்த வணிகக் க்யூஆர் குறியீட்டில் உங்கள் நிறுவனப் பெயரே வாடிக்கையாளர் திரையில் தோன்றும். ஒவ்வொரு விற்பனையும் பெயரை ஒருமுறை நினைவூட்டுவதோடு வருமானச் சான்றாகவும் சேர்கிறது.

இப்பதிவால் கிடைக்கும் வாய்ப்புகளும் சில உண்டு. மத்திய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் தம் ஆண்டுக் கொள்முதலில் 25 விழுக்காட்டைக் குறு, சிறு தொழில்களிடமிருந்து பெறவேண்டும். அதில் 3 விழுக்காடு பெண்களுக்கு உரிமையான தொழில்களுக்கு ஒதுக்கப்பட்டுள்ளது. முத்ரா திட்டத்தில் சிஷு பிரிவில் ரூ.50,000 வரையிலும், கிஷோர் பிரிவில் ரூ.5 லட்சம் வரையிலும், தருண் பிரிவில் ரூ.10 லட்சம் வரையிலும் கடன் பெறலாம். தருண் கடனை முறையாகத் திருப்பிச் செலுத்தியவர்களுக்கு ரூ.20 லட்சம் வரையிலான தருண் பிளஸ் பிரிவும் உண்டு. இவற்றுள் எதனையும் பெற, தொழில் உங்களுடையது என்பதற்குச் சான்று வேண்டும்.

எதைச் சொல்வது?

அனுபவமிக்கவர் தம்மைப் பற்றிச் சொல்லத் தயங்குவது இயல்பு. தற்பெருமை ஆகிவிடுமோ என்னும் அச்சமே காரணம். உண்மைச் செய்தியைச் சான்றுடன் கூறுவது தற்பெருமை ஆகாது. "தீவிலேயே தலைசிறந்த தையலகம்" என்பது புகழ்ச்சி, "2007 முதல், பள்ளிச் சீருடை ஏழு நாள்களில், அளவு மாறினால் கட்டணமின்றித் திருத்தம்" என்பது செய்தி. முன்னதை எவரும் எழுதலாம். பின்னதை அவ்வாறு செய்துவருபவர் மட்டுமே எழுத முடியும்.

எத்தனை ஆண்டுகளாக, எதனைச் சிறப்பாகச் செய்கிறீர்கள், எவ்வாறு செய்கிறீர்கள், எதனைச் செய்ய மாட்டீர்கள் என்ற நான்கையும் நான்கு வரிகளில் எழுதிப் பாருங்கள். நான்காவது வரி மிகவும் வலிமையுடையது. கோவை மாவட்டம் வடிவேலம்பாளையத்தில் ஒரு ரூபாய்க்கு இட்லி விற்ற கமலாத்தாள், விலையை உயர்த்த மறுத்த ஒரே உறுதியால் நாடறிந்த 'இட்லிப் பாட்டி' ஆனார். எனினும் எல்லாத் தொழில்களுக்கும் விலை உறுதி பொருந்தாது. அரிசி முதல் நூல்கண்டு வரை பல பொருள்கள் கப்பலில் வந்திறங்கும் தீவுகளில், விலையை மாற்றமாட்டேன் என்று வாக்களிப்பவர் விரைவில் இழப்பைச் சந்திப்பார். தரத்தைப் பற்றியும் காலத்தைப் பற்றியும் வாக்களிப்பதே காக்கக்கூடியது. "பழைய எண்ணெயில் பொரிப்பதில்லை" என்பது அத்தகைய உறுதி.

குறையையும் முன்கூட்டியே சொல்லலாம். "கப்பல் தாமதம், இவ்வாரம் நீலத் துணி இல்லை, திங்களன்று தகவல் தருவோம்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்புபவரை வாடிக்கையாளர் நம்புகிறார். இருக்கிறது என்று வரவழைத்து ஏமாற்றியவரை அவர் மறப்பதில்லை.

சொல்லக் கூடாதவை

உண்மை பேசுவது நல்லொழுக்கம் மட்டுமன்று; சட்டக் கடமையும் ஆகும். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி தவறாக வழிநடத்தும் விளம்பரம் செய்வோருக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ரூ.10 லட்சம் வரை அபராதம் விதிக்கலாம். தேங்காய் எண்ணெய் நீரிழிவைக் குணப்படுத்தும் என்பது போன்ற வாசகங்களை உறையில் அச்சிடுவதைத் தவிர்க்க வேண்டும்.

'ஆர்கானிக்' என்னும் சொல்லையும் எண்ணிப் பயன்படுத்த வேண்டும். வாங்குவோரிடம் நேரடியாக விற்கும் சிறு உற்பத்தியாளருக்கு வரம்புக்குட்பட்ட விலக்கு உண்டு. கடைகள் வழியே விற்பனை விரியும்போது தேசியச் சான்றளிப்பு முறையிலோ, விவசாயிகள் குழுவாகப் பெறும் பிஜிஎஸ் இந்தியா முறையிலோ சான்று தேவை. இத்தீவுகள் இதில் நாட்டுக்கே முன்னோடி. கார் நிக்கோபார், நன்கவுரி தீவுக்கூட்டப் பகுதிகளில் 14,491 ஹெக்டேர் நிலப்பரப்பு 2021-ஆம் ஆண்டில் பிஜிஎஸ் பெரும்பரப்புச் சான்றிதழைப் பெற்றது. நாட்டில் இவ்வாறு சான்று பெற்ற முதல் பெரும் தொடர்நிலப்பரப்பு அதுவே. சான்று எண்ணுடன் கூடிய ஒரு சிறு வில்லை, 'நூறு விழுக்காடு இயற்கை' என்னும் பெரிய எழுத்துகளைவிடப் பயன் தரும்.

சிப்பிக் கைவினைப் பொருள் விற்போர், வனவுயிர் பாதுகாப்புச் சட்டம், 1972-இன் பட்டியலில் இடம்பெற்ற வகைகளைத் தவிர்த்து, அனுமதிக்கப்பட்ட வகைகளையே உரிய உரிமத்துடன் விற்க வேண்டும். சிப்பியின் பெயரையும் கடையின் பெயரையும் தெளிவாக எழுதிய ரசீது, பயணியின் அச்சத்தைப் போக்குவதோடு உங்கள் பெயரையும் அவர் ஊர்வரை கொண்டுசெல்லும்.

எங்கே சொல்வது?

சென்னையையும் இத்தீவுகளையும் இணைக்கும் சுமார் 2,300 கிலோமீட்டர் கடலடி இணையக் கம்பிவடம் 2020 ஆகஸ்ட் 10 அன்று தொடங்கிவைக்கப்பட்டது. அதன்பின் இணையவழி விற்பனையும் பணப் பரிமாற்றமும் தீவுவாசிகளுக்கு முன்னினும் எளிதாயின. அதற்காக எல்லாத் தளங்களிலும் கணக்குத் தொடங்க வேண்டியதில்லை. உங்கள் வாடிக்கையாளர் எவ்வகையினர் என்பதே முடிவு செய்யட்டும்.

உள்ளூர்வாசிகளுக்கு வாட்ஸ்அப் பிசினஸ் கணக்கும் முறையான விலைப்பட்டியலும் போதும். சுற்றுலாப் பயணிக்கோ, அவர் புறப்படும் முன்னரே உங்களைக் கண்டறிய வேண்டும். கூகுள் மேப்பில் கடையின் சரியான இடம், திறக்கும் நேரம், விடுமுறை நாள், உண்மையான நான்கைந்து ஒளிப்படங்கள் ஆகியவற்றைப் பதிவிடுங்கள். அழகிய மாடலின் படத்தைவிட, மாவு பிசையும் உங்கள் கையின் படம் நம்பிக்கை தரும்.

அப்பயணி மீண்டும் வராமற்போகலாம். அவர் எழுதும் கருத்துரை அடுத்த பயணியை அழைத்துவரும். மனநிறைவுடன் செல்பவரிடம் கருத்துரை எழுதுமாறு கேட்பதில் தவறில்லை. உறவினர்களைக் கொண்டு புகழுரை எழுதச் செய்வதே தவறு. இணையக் கருத்துரைகளின் நம்பகத்தன்மைக்காக இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022-ஆம் ஆண்டில் ஐஎஸ் 19000 என்னும் தரநிலையையே வெளியிட்டுள்ளது. குறை கூறுபவருக்குச் சினமின்றி, நடந்ததையும் திருத்தியதையும் இரண்டு வரிகளில் பதிலாக எழுதுங்கள். அப்பதிலைப் படிக்கவிருப்பவர்கள் நூற்றுவர்.

பெயரைக் கைமாற்றுதல்

1959 மார்ச் 15 அன்று மும்பை கிர்காவில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடனில் அப்பளம் தயாரிக்கத் தொடங்கினர். அதுவே பின்னாளில் லிஜ்ஜத் பாப்பட் என வளர்ந்தது. அவ்வெழுவருள் ஒருவரான ஜஸ்வந்திபென் போபட் 2021-இல் பத்மஸ்ரீ பெற்றார். அந்த எழுவரின் முகங்களை அறியாத கோடிக்கணக்கானோர் அப்பெயரை நம்பி வாங்குகின்றனர். ஒருவர் கையில் இருந்த பக்குவம், பலர் பின்பற்றத்தக்க முறையாக மாறியதே காரணம்.

உங்கள் தொழிலிலும் இதைச் செய்யலாம். மசாலாவின் அளவுகள், தையலின் வரிசைமுறை, வாடிக்கையாளரிடம் பேசும் முறை ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி, ஒருவருக்கேனும் பயிற்றுவியுங்கள். அறிவைப் பகிர்ந்தால் வாடிக்கை குறையும் என்று அஞ்ச வேண்டாம். 150-க்கும் மேற்பட்ட விவசாயிகள் பின்பற்றியதால் நாரியல் அம்மாவின் பெயர் பெருகியதே அன்றிக் குறையவில்லை.

ஊர் வழங்கிய பெயரை வணிகச்சின்னமாகப் பதிவு செய்யவும் இயலும். வணிகச்சின்னங்கள் சட்டம், 1999-இன்படி பதிவு பத்தாண்டுகளுக்குச் செல்லும், பின்னர்ப் புதுப்பித்துக்கொள்ளலாம். தனிநபருக்கும் சிறு தொழில்களுக்கும் இணையவழி விண்ணப்பக் கட்டணம் ஒரு வகுப்புக்கு ரூ.4,500. பதிவு பெற்ற பெயரை உரிமை மாற்றம் செய்யலாம். மகளோ, பயிற்சி பெற்ற பணியாளரோ அதனை முறையாக ஏற்று நடத்தலாம்.

இம்மாதப் பயிற்சி

1. நெடுநாளைய வாடிக்கையாளர் பத்துப் பேரிடம், "என் கடையை மற்றவரிடம் எப்படிக் குறிப்பிடுவீர்கள்?" என்று கேட்டு, அவர்கள் கூறும் சொற்களை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் பெயர்ப்பலகைக்கான வாசகம் அவற்றுள் இருக்கும்.

2. உரிமம், வாடகை ஒப்பந்தம், மின்கட்டண அட்டை, வங்கிக் கணக்கு, க்யூஆர் குறியீடு ஆகியன ஒவ்வொன்றும் எவர் பெயரில் உள்ளன என்று பட்டியலிடுங்கள்.

3. மேலே கூறிய நான்கு வரிகளை எழுதி, வீட்டிலுள்ள ஒருவரிடம் படித்துக்காட்டுங்கள். சான்று காட்ட இயலாத சொல்லை நீக்கிவிடுங்கள்.

4. உணவுப் பொருளாயின், உறையில் 14 இலக்க உணவுப் பாதுகாப்புப் பதிவு எண் உள்ளதா எனச் சரிபாருங்கள்.

5. நீங்கள் ஒரு மாதம் ஊரில் இல்லாவிடில் கடையில் எந்தெந்தப் பணிகள் நின்றுபோகும் என்று எழுதுங்கள். முதலில் பயிற்றுவிக்க வேண்டியவை அவையே.

இரண்டாவது பட்டியலில் உங்கள் பெயர் இல்லாத வரிகள் இருப்பின், அப்பட்டியலையே கையில் எடுத்துக்கொண்டு அருகிலுள்ள நம் வங்கிக் கிளைக்கு வாருங்கள். உத்யம் பதிவுக்கும், நடப்புக் கணக்குக்கும், வணிகக் க்யூஆர் குறியீட்டுக்கும் தேவையான ஆவணங்களைக் கிளை அலுவலர்கள் எடுத்துரைப்பர். வீட்டாருடன் கலந்து பேசி, ஒரு நேரத்தில் ஒரு வரியாக மாற்றினாலும் போதும். ஓராண்டுக்குள் ஊர் அறிந்த பெயரை ஏடும் அறிந்துகொள்ளும்.